இறங்கல் அறை

குழந்தையைப் பறிகொடுத்த தாயும் தகப்பனும் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போகும்போது தரைக்கு நான்கு விரற்கடை மேலே நடந்து போனார்கள். இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. முதலில் கவனித்தவள் தரை துடைக்கும் அம்மாள்தான். ஈரம் காயாத தரையில் யார் மிதித்தாலும் அவர்களுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகிறவள் அவள். இவர்கள் நடந்து போன பிறகு மட்டும் ஒரு தடமும் இருக்காது. திட்ட வழியில்லாமல் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சும்மா நிற்பாள். வாசலில் செருப்புத் தைக்கிறவர் அவர்களுடைய செருப்புகள் வருஷக்கணக்கில் தேய்வதில்லை என்று சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் காவலாளி அவர்களைக் கையைப் பிடித்து பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விடுவார். ஒரு வருஷம் ஒரு தகப்பன் காற்றோடு போய் எதிர்க் கட்டடத்தின் சன்ஷேடில் தங்கிவிட்டதால், ஏணி வைத்து இறக்க வேண்டியதாகிவிட்டது. மற்றபடி யாருக்கும் தொந்தரவு இல்லை. விஷயம் தெரியாத சிலர் மட்டும் தெருவில் பார்த்துவிட்டு, "கால் தரையில பாவுதா பாரு, என்ன மண்டைக்கனம்!" என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, பார்க்க அப்படித்தான் இருக்கும்.

இதைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தவர் லிஃப்ட்காரர். இருபத்தாறு வருஷம் அந்த ஒரே லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். எட்டுப் பேருக்கு மேல் ஏறினால் மணி அலறும். ஆனால் ஐந்தாவது மாடியிலிருந்து, அதாவது குறைமாசக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மாடியிலிருந்து, கையில் குழந்தையில்லாமல் இரண்டு பேர் ஏறினால் மணிக்கு அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். லிஃப்ட் கிளம்பும்போது தரை முதலில் இறங்கும், அவர்கள் ஒரு கணம் கழித்து இறங்குவார்கள். அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டன்களைப் பார்ப்பார். "கீழ் தளம்" என்று மட்டும் மெதுவாகச் சொல்வார். அவருக்கு வாய் அதிகம், லிஃப்டில் ஏறுகிறவர்களைச் சிரிக்க வைக்காமல் இறக்கிவிடமாட்டார். அந்த ஒரு சவாரியில் மட்டும் அவருக்கு வாயடைத்துப் போகும்.

ஐந்தாவது மாடியின் பெரிய சிஸ்டருக்கு இது பொறுக்கவில்லை. பெற்றவர்களை இப்படி அந்தரத்தில் அனுப்பி வைப்பது ஓர் ஆஸ்பத்திரி செய்கிற வேலையா என்று மூன்று வருஷம் மனு மேல் மனு எழுதினார். கடைசியில் மூன்றாவது மாடியில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில், துணி வைக்கும் அறை ஒன்றைக் காலி பண்ணிக் கொடுத்தார்கள். ஆறு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு தண்ணீர்க் குடம். பெயர் இரங்கல் அறை. போர்டு எழுதுகிறவருக்கு சிஸ்டர் போனில் சொன்னார். போர்டு எழுதுகிறவர் நியாயமான மனுஷர், சந்தேகம் கேட்டார்: "இரங்கல்னா சின்ன ரவா, பெரிய றவா?" வார்டில் அந்த நேரம் மூன்று மிஷின்கள் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தன. சிஸ்டர் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும்தான். "பெருசாவே எழுதுங்க, எல்லார் கண்ணுக்கும் தெரியணும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். மூன்றாம் நாள் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில், தள்ளி நின்று பார்த்தாலும் தெரிகிற மாதிரி, இறங்கல் அறை என்று போர்டு வந்து மாட்டப்பட்டது.

இந்தப் பிழை அன்றைக்கே பிடிபட்டிருக்கும். ஆனால் நிர்வாக அதிகாரி ஊரில் இல்லை, ஆறு மாதப் பயிற்சிக்குப் போயிருந்தார். அவரை எல்லோரும் 'சர்குலர்' என்றுதான் சொல்வார்கள், ஒரு நாளைக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எழுத்துப்பிழை என்றால் மனுஷருக்கு ஆகவே ஆகாது. மருந்துச் சீட்டில் ஒற்று மிகாமல் விட்டால் டாக்டரையே கூப்பிட்டுத் திருத்தச் சொல்வார். அவர் வருவதை இரண்டு மாடிக்கு அப்பாலேயே தெரிந்துகொள்ளலாம். அவருடைய கறுப்பு ஷூ தரையில் சம்மட்டி மாதிரி இறங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நடைபாதையில் நின்று பேசுகிறவர்கள் கலைந்து போவார்கள்.

அதே சமயத்தில் லிஃப்டும் தானியங்கியாகி, யாரோ ஒரு பெண்ணின் குரல் மாடி எண்ணைச் சொல்ல ஆரம்பித்திருந்தது. லிஃப்ட்காரருக்கு வேலை இல்லை. அவரை இறங்கல் அறையில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களை உட்கார வைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், சிஸ்டரைக் கூப்பிட வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. கடைசி நிபந்தனையை சிஸ்டர் இரண்டு தடவை சொன்னார். லிஃப்ட்காரரும் இரண்டு தடவை தலையாட்டினார்.

பெரிய சிஸ்டர் சொல்லியனுப்பி முதலில் வந்தவர்கள் ஒரு டைல்ஸ் மேஸ்திரியும் அவர் மனைவியான தையல்காரியும். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்து, ஐந்தாவது மாடியில் ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் பத்தொன்பது நாள் இருந்து, இருபதாம் நாள் காலையில் இறந்து போனது. அதற்குப் பிறகு நான்கு மாதம் ஆகியிருந்தது. தரையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குத் தரை எட்டாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேஸ்திரி முட்டி போட்டால் முட்டி தரையில் படவில்லை. டைலை வைத்து அழுத்தினால் டைல் அப்படியே இருந்தது, இவர்தான் மேலே போனார். தையல்காரியின் கால் மிதிகட்டைக்கு எட்டாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஊசிக்கடியில் பாதி தைத்த சட்டை நான்கு மாதமாக அப்படியே கிடந்தது. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: அந்த மிதிகட்டையில் கால் படவேண்டும். சத்தம் கேட்டாலே போதும், மீதியைப் பார்த்துக்கொள்வேன் என்று கணவரிடம் சொல்லியிருந்தாள்.

ஆனால் அவர்கள் இறங்குவதற்குப் பதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். காரணம் சொந்தக்காரர்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "பத்தொம்பது நாள்தானே, பழகறதுக்குள்ள போயிடுச்சுன்னு நெனச்சுக்கோ" என்று பெரியம்மா சொன்னாள், ஒரு விரற்கடை ஏறியது. "அடுத்தது தங்கமாட்டம் பொறக்கும் பாரு" என்று சித்தி சொன்னாள், இன்னொரு விரற்கடை. எல்லாம் விதி, மனசைத் தேத்திக்கோ, உனக்கென்ன வயசா ஆயிடுச்சு என்று ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல, இருவரும் ஒன்பது விரற்கடை உயரத்துக்கு வந்துவிட்டார்கள். மேஸ்திரி வாசலில் குனிந்து நுழைய வேண்டியதாயிற்று. குழந்தையைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தக் குடும்பத்தில் இவர்கள் இரண்டே பேர். பார்க்காதவர்களிடம் என்னத்தைச் சொல்வது என்று தையல்காரி பேச்சையே நிறுத்தியிருந்தாள்.

அவர்கள் அறைக்குள் வந்ததும் லிஃப்ட்காரர் எழுந்தார். வாசலில் போர்டு வேறு அப்படி இருந்தது, இருபத்தாறு வருஷப் பழக்கம் வேறு. வாய் தானாக வந்துவிட்டது.

"வாங்கம்மா, வாங்க சார். எங்க இறங்கணும்?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். தையல்காரி அவரை உற்றுப் பார்த்தாள். நான்கு மாதத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"தெரியலண்ணே. எங்க இறங்கறதுன்னுதான் தெரியல."

"ஏறினது எந்த மாடி?"

"அஞ்சு. ஜன்னலோரப் பெட்டி."

"அட! மேனேஜரம்மா வீட்டு ஆளுங்களா நீங்க?" லிஃப்ட்காரருக்கு நிபந்தனையெல்லாம் மறந்துவிட்டது. "ஏம்மா, உங்க பொண்ணு என்னை என்ன பாடு படுத்தினா தெரியுமா? பெரிய டாக்டர் கீழ போய் டீ கிளாஸைக் கையில எடுத்தா போதும், மிஷினை அலறவிட்டுடுவா. நான் மறுபடி அவரை மேல கூட்டிட்டு ஓடணும். வந்து நின்னதும் ஒண்ணும் தெரியாத மாதிரி தூங்குவாளாம். அதான் சிஸ்டருங்க மேனேஜர்னே பேர் வெச்சுட்டாங்க. பெரிய டாக்டரையே ஒன்பது தடவை ஓட வெச்ச ஆளு இந்த ஆஸ்பத்திரில வேற யாரு இருக்கா சொல்லுங்க!"

"பதினொண்ணு" என்றாள் தையல்காரி.

"என்னம்மா?"

"ஒன்பது இல்லண்ணே. பதினொரு தடவை. நான் எண்ணியிருக்கேன்."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "மூக்குல வெச்ச குழாயை அவளே புடுங்கி எறிஞ்சா. ரெண்டு கிலோகூட இல்ல. ரெண்டு சிஸ்டர் சேர்ந்து புடிச்சாங்க, ம்ஹூம், கையைத் தட்டிவிட்டுட்டா" என்றார். சொல்லும்போது அவருடைய நெஞ்சு ஒரு சுற்று நிமிர்ந்தது. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அது பீற்றல்தான், சுத்தமான பீற்றல். பெற்றவர்கள் எல்லோரும் தெருவில் நின்று செய்கிற பீற்றல், அவர்களுக்கு மட்டும் யாரும் வாய்ப்புக் கொடுக்காத பீற்றல். பெரிய சிஸ்டர் தண்ணீர் டம்ளரோடு வந்தபோது இரண்டு பேரும் எட்டு விரற்கடை உயரத்தில் இருந்தார்கள்.

சிஸ்டர் புத்திசாலி. தான் எழுதி வைத்திருந்த ஆறுதல் வாக்கியங்களை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அன்றிலிருந்து அந்த அறையில் ஆறுதல் கிடையாது. யார் வந்தாலும் லிஃப்ட்காரர் எங்கே இறங்கணும் என்று கேட்பார், அப்புறம் பிள்ளை எப்படி, கெட்டிக்காரனா, வாயாடியா என்று கேட்பார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தோறும் கூட்டம் சேர்ந்தது. நான்கு வயதிலேயே எல்லா பஸ் நம்பரையும் தலைகீழாகச் சொன்ன ஒருவனின் தகப்பன் வந்தார், பஸ் டிரைவர். தன் பெண் ஊசி போட வந்த டாக்டருக்கே தைரியம் சொன்னவள் என்று ஒரு ரொட்டிக்கடைக்காரர் சொன்னார். உடனே பஸ் டிரைவர், அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, என் பையன் தனக்குத்தானே பேண்டேஜ் போட்டுக்கொண்டவன் என்றார். வார்த்தை தடித்து, யார் பிள்ளை உசத்தி என்று இரண்டு பேரும் சட்டைக் காலரைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். பிடித்த வேகத்தில் இரண்டு பேருடைய குதிகாலும் தரையில் இடித்ததும்தான் விட்டார்கள். வயிற்றிலேயே குழந்தையை இழந்த ஒருத்தி மூலையில் உட்கார்ந்து, எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது, நான் முகம்கூடப் பார்க்கவில்லை என்றாள். தையல்காரிதான் அவள் பக்கத்தில் போய், உள்ளே எப்படி இருந்தான் என்று கேட்டாள். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "நான் இடது பக்கம் திரும்பிப் படுத்தா விடமாட்டான். உதைச்சே வலது பக்கம் திருப்பிடுவான். அவன் வெச்சதுதான் சட்டம்" என்றாள். அறையே அடேயப்பா என்றது. அவள் தலைகுனிந்து சிரித்துக்கொண்டே அரை விரற்கடை இறங்கினாள்.

இது போர்டில் இருந்த எழுத்தால் நடந்ததா, லிஃப்ட்காரரின் வாயால் நடந்ததா என்று ஆஸ்பத்திரியில் இரண்டு கட்சி இருந்தது. போர்டு எழுதியவர் முதல் கட்சி. டாக்டர்கள் இரண்டிலும் சேராமல், இறங்கினால் சரி என்று இருந்துவிட்டார்கள். எப்படியோ, வாரத்துக்கு ஒரு விரற்கடை என்ற கணக்கில் மேஸ்திரியும் தையல்காரியும் இறங்கி வந்து, இன்னும் ஒரே ஒரு விரற்கடைதான் பாக்கி என்ற நிலையில், நடைபாதையில் சம்மட்டிச் சத்தம் கேட்டது. சர்குலர் பயிற்சி முடிந்து திரும்பிவிட்டார்.

இரங்கல் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வருவதைக் கேட்டு அவர் நின்றார். நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். அவர் முகம் எப்படி மாறியது என்று பார்த்த எக்ஸ்ரேக்காரர் பிற்பாடு சொன்னார்: கோபம் என்று சொல்ல முடியாது, யாரோ அவருடைய வீட்டு ஆளைக் கைநீட்டி அடித்துவிட்டது போல் ஒரு முகம். அன்று சாயங்காலத்துக்குள் பெரிய ற அழிக்கப்பட்டு சின்ன ர எழுதப்பட்டது. மறுநாள் சுற்றறிக்கை வந்தது. இரங்கல் அறையில் தாழ்ந்த குரலில் மட்டுமே பேச வேண்டும். இணைப்பில் கண்ட பன்னிரண்டு ஆறுதல் வாக்கியங்களைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது. லிஃப்ட்காரர் வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் சைக்கிள்களைப் பார்த்து எங்கே இறங்கணும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அறைக்குப் புதிதாக வந்த ஊழியர் நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்வார். பன்னிரண்டு வாக்கியத்தையும் வருகிறவர்களுக்கு ஒன்று விடாமல் வாசித்தார். முதல் செவ்வாய்க்கிழமை முடிவதற்குள் பஸ் டிரைவர் மறுபடி மேலே ஏறி மின்விசிறியில் இடித்துக்கொண்டார். வயிற்றில் இழந்தவள் அதற்குப் பிறகு வரவில்லை. மேஸ்திரியும் தையல்காரியும் ஏழு விரற்கடைக்குப் போய்விட்டார்கள். பெரிய சிஸ்டர் மூன்று மனு எழுதினார், மூன்றும் எழுத்துப்பிழைகள் சிவப்பு மையில் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தன.

தையல்காரி ஒரு விரற்கடை தூரத்தில் மிதிகட்டையைப் பார்த்துவிட்டு வந்தவள். அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் காலை கணவரைக் கூட்டிக்கொண்டு நேராக சர்குலரின் அறைக்குப் போனாள். மேஸ்திரி வாசலில் நின்றுகொண்டார், அவள் உள்ளே போனாள். சர்குலர் மரியாதையாக எழுந்து நின்று, உங்கள் துயரத்தில் நிர்வாகம் பங்குகொள்கிறது என்று ஆரம்பித்தார். இணைப்பில் முதல் வாக்கியம்.

"சார், கொஞ்சம் நிறுத்துங்க. இன்னும் ஏறினா தலை இடிக்கும்" என்றாள் தையல்காரி. "லிஃப்ட்கார அண்ணனைத் திருப்பி அனுப்புங்க. அந்தப் பழைய போர்டையும் வைங்க. நான் இறங்கணும் சார். எனக்கு வேலை இருக்கு."

இறங்கல் என்று எழுதுவது பிழை, பிழையை ஆஸ்பத்திரி சுவரில் மாட்ட முடியாது, இதில் பேச்சுக்கே இடமில்லை என்று சர்குலர் சொல்லிக்கொண்டே போனார். அவள் கேட்கவில்லை. தையல்காரிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: எதிரில் இருப்பவர் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் உடுப்பைப் பார்ப்பார்கள். அவள் மேலேயிருந்து அவருடைய பேன்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த பேன்ட் நாலு விரக்கடை கூட வெச்சுத் தெச்சிருக்கு" என்றாள்.

சர்குலர் பேச்சை நிறுத்தினார்.

"துணி நல்ல துணி. தெச்சவரும் தெரிஞ்சுதான் தெச்சிருக்காரு. ஆனா முட்டி இங்க இருக்குன்னா கால் அங்கயே முடிஞ்சுடணும் சார். அதுக்குக் கீழ இருக்கறது உங்க காலு இல்ல. இரும்பு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பையனா, பொண்ணா?"

சர்குலர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பையன் என்றார். போய் முப்பத்திரண்டு வருஷம் என்றார். அவர் யாரிடமும் சொல்லியதில்லை. சொல்லாததால் யாரும் ஆறுதல் சொல்லவில்லை, அதனால் அவர் நான்கு விரற்கடைக்கு மேல் ஏறவும் இல்லை. இரும்படி வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். இதையெல்லாம் கேட்டுவிட்டு தையல்காரி அடடா என்றுகூடச் சொல்லவில்லை. லிஃப்ட்காரர் கேட்கிற மாதிரியே, "கெட்டிக்காரனா?" என்று கேட்டாள்.

"கெட்டிக்காரனாவா!" சர்குலரின் குரல் அவ்வளவு உரக்க எழுந்து யாரும் கேட்டதில்லை. வெளியே மேஸ்திரி பயந்து எட்டிப் பார்த்தார். "ஆறு வயசும்மா அவனுக்கு. தோள்ல தூக்கிட்டுப் போனா தெருவுல ஒரு போர்டு விடமாட்டான், எல்லாத்தையும் கத்திப் படிப்பான். ஒரு நாள் ஒரு கடை வாசல் உண்டியல்ல, ஏழைகளுக்கு இறங்குங்கள்னு எழுதியிருந்துச்சு, பெரிய ற போட்டு. பெரியவங்க ஆயிரம் பேர் பார்த்துட்டுப் போன உண்டியல். இவன் என் தலைமுடியைப் புடிச்சு இழுத்து, அப்பா தப்பு, அப்பா தப்புன்னு கத்தறான். கடைக்காரரே வெளிய வந்துட்டார். அவர்கிட்ட விரலை நீட்டிச் சொல்றான்: மனசு இரங்கினா சின்ன ர, கால் இறங்கினா பெரிய ற. யாரும் சொல்லிக் கொடுக்கலம்மா, அவனா கண்டுபுடிச்சது! அந்தக் கடைக்காரர் அன்னைக்கே திருத்தி எழுதினார். ஆறு வயசுப் பையன் சொல்லி! அதுக்கப்பறம் ஒரு தப்பு ரவைக்கூட நான் விட்டதில்ல. விட்டா அவன் என்ன நெனைப்பான்?"

சொல்லி முடித்துவிட்டு அவர் மூச்சு வாங்கினார். பிறகு தான் சொன்னதையே யாரோ சொல்லிக் கேட்டதுபோல் தலையைச் சாய்த்தார். கால் இறங்கினா, என்று மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"அந்த ரூம்ல எதும்மா இறங்குது?"

"காலு சார்."

"அப்போ பெரிய ற." சர்குலர் எழுந்தார். "அப்போ அவன் கணக்குப்படி பெரிய றதான். நான்தான் தப்பு பண்ணிட்டேன்." அந்த ஆஸ்பத்திரியில் அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது அதுவே முதல் தடவை. முகம் மட்டும் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் தகப்பன் முகமாக இருந்தது. உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். இரும்பு ஷூ இரண்டும் ஓசையோடு ஒதுங்கின. கால் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது, பிறகு சாக்ஸோடு தரையைத் தொட்டது.

அதோடு அவர் விடவில்லை. பிழை திருத்துகிற மனுஷருக்கு ஒரு பிழை ஒத்துக்கொண்டால் போதாது. தையல்காரியின் குழந்தையுடைய பைலை வரவழைத்துப் பிரித்தார். முதல் பக்கத்தில், பெயர் என்ற இடத்தில் 'இன்னாரின் பெண் குழந்தை' என்று எழுதியிருந்தது. ஐந்தாவது மாடியில் எல்லாப் பைலிலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

"இதுவும் தப்பு" என்றார். "பேரு என்ன?"

"பேர் வைக்கறதுக்குள்ள..." என்று ஆரம்பித்த தையல்காரி நிறுத்தினாள். "மேனேஜர், சார். அஞ்சாவது மாடி முழுக்க அப்படித்தான் கூப்பிட்டாங்க."

பட்டப்பெயரை எந்தப் படிவத்திலும் அனுமதிக்காத மனுஷர் சிவப்பு மையால் பழைய எழுத்தை அடித்து, மேலே மேனேஜர் என்று எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில், 'தலைமை மருத்துவரைப் பதினொரு முறை வரவழைத்தவர்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பைலை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தையல்காரி எழுத்துக்கூட்டிப் படிப்பவள்போல் மெதுவாகப் படித்தாள். வரவழைத்தவர் என்ற சொல்லுக்கு வந்ததும், அந்த மரியாதை அவளுக்குப் புரிந்ததும், ஏழு விரற்கடையும் ஒரேயடியாகப் போய் இரண்டு காலும் தொப்பென்று தரையில் விழுந்தன. வாசலில் நின்ற மேஸ்திரிக்கு அவள் உரக்கப் படித்துக் காட்டினாள். அவரும் கதவைப் பிடித்தபடி இறங்கினார். இறங்கினதும் தொழில் பழக்கத்தில் குனிந்து, தரை கொஞ்சம் வாட்டம் சரியில்லை என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். லிஃப்ட்காரர் திரும்பி வந்தார். போர்டு எழுதுகிறவர் மறுபடியும் வந்து, நான் அப்பவே சொல்லலையா, என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே பெரிய றவை எழுதினார். போர்டை மாற்றிய அன்றைக்கு அவர் எதையும் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. இறங்கல் என்பது எழுத்துப்பிழை அன்று, பொருள் அறிந்தே எழுதப்பட்டது, ஐயம் உள்ளவர்கள் உள்ளே சென்று வரவும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. சர்குலர் அனுப்பியவற்றில் ஊழியர்கள் முழுதாகப் படித்த ஒரே சுற்றறிக்கை அதுதான். தையல்காரியின் மிஷினில் முதலில் ஏறியது அவருடைய ஆறு பேன்ட்கள், ஒவ்வொன்றிலும் நான்கு விரற்கடை குறைக்க வேண்டியிருந்தது. மிதிகட்டைச் சத்தம் பக்கத்து வீடுகளில் கேட்டது. அந்த வாரமே பாதியில் நின்ற சட்டையையும் முடித்துக் கொடுத்தாள். இறங்கல் அறையின் தரையை மேஸ்திரி பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார், இறங்குகிறவர்களுக்கு வழுக்கக்கூடாது என்று சொரசொரப்பான டைலாகப் பார்த்து. வயிற்றில் இழந்தவளை பெரிய சிஸ்டர் வீடு தேடிப் போய் அழைத்து வந்தார். சர்குலரும் செவ்வாய்க்கிழமைகளில் வந்து உட்கார்ந்து, உண்டியல் கதையை எத்தனையோ தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் பையனின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. இரும்பு ஷூவில் ஒன்று அந்த அறையின் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்க உதவுகிறது. இன்னொன்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் வாசலில் யாராவது அந்த அறையை விசாரித்தால், "இறங்கணுமா? மூணாவது மாடிக்கு ஏறிப் போங்க" என்று காவலாளி சொல்வார், யாரும் குழம்புவதில்லை. ஏறிப் போகிறவர்கள் தடமில்லாமல் போவார்கள். மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில், வந்து பீற்றிக்கொண்டு ஒரு நாள் கதவைத் திறந்து வெளியே வரும்போது, தரை துடைக்கும் அம்மாள் அப்போதுதான் நடைபாதையைத் துடைத்து முடித்திருப்பாள். அவளுக்கு இப்போது வயதாகிவிட்டது, குரல் மட்டும் குறையவில்லை. "கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு? ஈரம் காயறதுக்குள்ள மிதிச்சு வெச்சிருக்கீங்களே, இதையெல்லாம் உங்க ஆத்தாவா வந்து துடைப்பா?" என்று பிடித்துக்கொள்வாள். திட்டு வாங்கியவர்கள் திரும்பி, வரிசையாகப் பதிந்திருக்கும் தங்கள் காலடித் தடங்களை நின்று பார்ப்பார்கள். அவர்கள் படியிறங்கிப் போகிற வரை திட்டிவிட்டு, தடங்கள் தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டு, அவள் அடுத்த அறையைத் துடைக்கப் போய்விடுவாள்.